கதிர்வீச்சு அவசரநிலை: மருத்துவமனை வாசலில் செவிலியர் செய்ய வேண்டியது என்ன? பயிற்சி ஏன் அவசியம்?

ஹைதராபாத்: சாலை விபத்தில் காயமடைந்த ஒருவர் கொண்டுவரப்பட்டால் முதல் சில நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்பது அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் ஒவ்வொரு செவிலியருக்கும் தெரியும். அதே நபரின் உடையிலும் தோலிலும் கதிரியக்கத் துகள்கள் படிந்திருந்தால் அவரைத் தொடலாமா, முதலில் குளிப்பாட்ட வேண்டுமா, அல்லது ரத்தப்போக்கை நிறுத்த வேண்டுமா? இக்கேள்விகளுக்கு அந்த நேரத்தில் நின்று யோசிக்க முடியாது. விடை முன்கூட்டியே பயிற்சியின் மூலம் கைவந்திருக்க வேண்டும்.

கதிர்வீச்சு விபத்துகள் அரிதானவை. ஆனால் அவை நேரும்போது நோயாளியை முதலில் சந்திப்பவர் அணு விஞ்ஞானி அல்ல. பெரும்பாலும் மருத்துவமனையின் பணிநேரச் செவிலியரே. அவரது முதல் முடிவு நோயாளியின் உயிரையும், உடன் பணிபுரிவோரின் பாதுகாப்பையும், சில வேளைகளில் ஒரு பகுதி மக்களின் நலனையும் தீர்மானிக்கிறது. இத்தகைய நெருக்கடியில் செவிலியரின் பங்கு என்ன, அவர்களுக்கு எத்தகைய பயிற்சி தேவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஹைதராபாத்துக்கு இது ஏன் முக்கியம்?

ஹைதராபாத்தில் அணுமின் நிலையம் இல்லை. எனினும் நாட்டின் அணுசக்தித் திட்டத்தில் இந்நகருக்கு முக்கிய இடம் உண்டு. 1971-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அணு எரிபொருள் வளாகம் இங்குதான் அமைந்துள்ளது. இந்தியாவின் கனநீர் அணு உலைகளுக்குத் தேவையான யுரேனிய எரிபொருள் கற்றைகள் இங்கு தயாரிக்கப்படுகின்றன. 1967-இல் தொடங்கப்பட்ட இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கழகமும் இந்நகரைச் சேர்ந்ததே. கதிர்வீச்சை அளவிடும் கருவிகள் அதன் தயாரிப்புகளில் அடங்கும்.

கதிரியக்கப் பொருள்கள் அணுசக்தி நிறுவனங்களில் மட்டும் இருப்பவை அல்ல. புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சு சிகிச்சைக்கும், அணு மருத்துவப் பிரிவுகளில் நோயறிதலுக்கும், தொழிற்சாலைகளில் குழாய்களின் பற்றவைப்பைச் சோதிக்கவும், மருத்துவப் பொருள்களைக் கிருமி நீக்கம் செய்யவும் அவை பயன்படுகின்றன. மருத்துவமனைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த எந்தப் பெருநகரிலும் இப்பொருள்கள் சாலை வழியே எடுத்துச் செல்லப்படுகின்றன. எனவே இத்தகைய நோயாளி ஒருவர் எந்த மருத்துவமனையின் வாசலுக்கும் வரக்கூடும்.

ஒவ்வொரு ஆபத்தும் ஒவ்வொரு வகை. எரிபொருள் தயாரிப்பில் பெரும்பாலும் கையாளப்படுவது இயற்கை யுரேனியம். அது வெளியிடும் ஆல்ஃபா கதிர்கள் தோலின் மேற்புறத்தைத் தாண்டிச் செல்வதில்லை. ஆனால் அதன் தூளைச் சுவாசித்தாலோ, காயத்தின் வழியே அது உடலுக்குள் சென்றாலோ, கதிர்வீச்சைக் காட்டிலும் அதன் வேதி நச்சுத்தன்மையே சிறுநீரகத்தை முதலில் பாதிக்கும். சிகிச்சையில் சோடியம் பைகார்பனேட் பயன்படுத்தப்படுகிறது. இதற்கு மாறாக, கோபால்ட்-60 அல்லது இரிடியம்-192 போன்ற பொருள்களின் காமா கதிர்கள் உடலை ஊடுருவிச் சென்று எலும்பு மஜ்ஜை வரை பாதிக்கும். ஆகவே செவிலியர் முதலில் கேட்க வேண்டியது, ‘கதிர்வீச்சா?’ என்பதோடு நின்றுவிடக் கூடாது. ‘எந்தப் பொருள், எந்த வழியில்?’ என்பதையும் கேட்க வேண்டும்.

குழப்பத்தை நீக்கும் வேறுபாடு

இத்துறைப் பயிற்சி தொடங்கும் இடம் ஒரு எளிய வேறுபாடு. கதிர்வீச்சுக்கு உள்ளாதல் ஒன்று. கதிரியக்க மாசு படிதல் மற்றொன்று.

எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட ஒருவர் அறையை விட்டு வெளியே வந்த பின் அவரிடமிருந்து எக்ஸ்ரே கதிர் வெளிவருவதில்லை. அதுபோலவே, வெளியிலுள்ள ஒரு மூலத்திலிருந்து அதிக அளவு காமா கதிர்வீச்சுக்கு உள்ளானவர் கடுமையாக நோயுற்றிருக்கலாம். ஆனால் அவரைத் தொடுபவருக்கு அவரால் எந்த ஆபத்தும் இல்லை. அவருடைய ரத்தமோ வியர்வையோ கதிரியக்கம் உடையதாக மாறுவதில்லை.

மாசு படிதல் என்பது கதிரியக்கப் பொருளின் தூளோ திரவமோ ஒருவரின் உடை, தோல், முடி, காயம் ஆகியவற்றில் ஒட்டிக்கொள்வது அல்லது உடலுக்குள் செல்வது. இது பிறருக்கும் பரவக்கூடியது. ஆனால் பரவும் விதம் சேற்றைப் போன்றது, தொற்றுக் கிருமியைப் போன்றது அல்ல. அது பெருகுவதில்லை, துடைத்தாலும் கழுவினாலும் அகலக்கூடியது. வெளி உடைகளைக் கவனமாகக் களைவதன் மூலமே வெளிப்புற மாசில் சுமார் 90 விழுக்காடு வரை நீக்கிவிட முடியும் என்பது சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட கணிப்பு.

இவ்வேறுபாட்டை அறியாத மருத்துவமனையில் இரண்டு தவறுகள் நேரலாம். பயத்தினால் நோயாளியை வாசலிலேயே நிறுத்திவைப்பது ஒன்று. எந்த முன்னெச்சரிக்கையும் இன்றி நேராக வார்டுக்கு அழைத்துச் செல்வது மற்றொன்று. முதல் தவறு உயிரைப் பறிக்கும். இரண்டாவது தவறு அவசர சிகிச்சைப் பிரிவையே மூட வைக்கும்.

மாயாபுரி கற்பித்த பாடம்

இந்தியாவில் இதற்கான முக்கிய எடுத்துக்காட்டு டெல்லியின் மாயாபுரி. டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் கோபால்ட்-60 கொண்ட காமா கருவி ஒன்று இருந்தது. 1985-க்குப் பிறகு பயன்பாட்டில் இல்லாத அக்கருவி, 2010 பிப்ரவரியில் பழைய பொருளாக ஏலம் விடப்பட்டது. மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளை அது சென்றடைந்தது. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத தொழிலாளர்கள் அதைப் பிரித்தனர்.

ஏப்ரல் முதல் வாரத்தில் கடை உரிமையாளர் ஒருவர் உடல்நலம் குன்றி மருத்துவமனையில் சேர்ந்தார். கதிர்வீச்சுப் பாதிப்பாக இருக்கலாம் என்று சந்தேகித்த மருத்துவமனை, ஏப்ரல் 7 அன்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் தந்தது. அதன் பின்னரே அதிகாரிகள் மாயாபுரிக்குச் சென்று கதிரியக்கத் துண்டுகளைத் தேடி மீட்டனர். அவற்றில் ஒன்று ஒருவரின் பணப்பையில் இருந்தது. ஏழு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் அம்மாத இறுதியில் உயிரிழந்தார். சர்வதேச அணுசக்தி நிகழ்வு அளவுகோலில் இவ்விபத்து 4-ஆம் நிலையில் வைக்கப்பட்டது.

இந்நிகழ்வில் எச்சரிக்கை மணி ஒலித்தது அணுசக்தி நிறுவனம் எதிலும் அல்ல, ஒரு மருத்துவமனையில். உலகின் பிற பகுதிகளிலும் இதே வரிசை காணப்படுகிறது. 1987 செப்டம்பரில் பிரேசிலின் கொயானியா நகரில், கைவிடப்பட்ட கதிர்வீச்சு சிகிச்சை நிலையத்திலிருந்து சீசியம்-137 கொண்ட கருவிப் பகுதி எடுத்துச் செல்லப்பட்டு உடைக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, தோல் புண்கள் ஏற்பட்டன. உணவு ஒவ்வாமை என்றும் வெப்பமண்டல நோய் என்றும் அவை முதலில் கருதப்பட்டன. உண்மை தெரியவர இரண்டு வாரங்களுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் மாசு பல வீடுகளுக்குப் பரவிவிட்டது. சுமார் 1,12,000 பேர் பரிசோதிக்கப்பட்டனர். 249 பேரிடம் மாசு கண்டறியப்பட்டது. ஒரு சிறுமி உள்பட நால்வர் உயிரிழந்தனர்.

2000-ஆம் ஆண்டு தாய்லாந்தின் சமுத் பிரகான் மாகாணத்தில் நேர்ந்த கோபால்ட்-60 விபத்திலும், பழைய இரும்புக் கடையைச் சேர்ந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களின் சந்தேகமே உண்மையை வெளிக்கொணர்ந்தது. அங்கு மூவர் உயிரிழந்தனர்.

எனவே செவிலியரின் முதல் பணி அடையாளம் காண்பது. தீயோ கொதிநீரோ படாமல் தோன்றிய தீக்காயம், காரணம் புரியாத வாந்தி, முடி உதிர்தல், ரத்த வெள்ளணுக்களின் வீழ்ச்சி ஆகியவை ஒருவரிடம் சேர்ந்து காணப்பட்டாலோ, ஒரே இடத்தில் பணிபுரியும் பலரிடம் ஒரே நேரத்தில் தோன்றினாலோ, ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: ‘அண்மையில் பழைய உலோகப் பொருள் எதையேனும் பிரித்தீர்களா? தொழிற்சாலையில் கீழே கிடந்த உலோகத் துண்டு எதையேனும் எடுத்தீர்களா?’ நோயாளியின் முழு விவரத்தையும் பொறுமையாகக் கேட்டு எழுதுபவர் பெரும்பாலும் செவிலியரே என்பதால், இக்கேள்வி அவருக்குத் தெரிந்திருப்பது அவசியம்.

நோயாளி வருவதற்கு முன்

விபத்து குறித்து முன்கூட்டியே தகவல் கிடைத்தால் ஆயத்தப்பணிகளை ஒருங்கிணைப்பது பொறுப்புச் செவிலியரின் கடமை. அவசர சிகிச்சைப் பிரிவில் தனி வழி கொண்ட ஓர் அறை ஒதுக்கப்படும். அங்குள்ள பிற நோயாளிகள் வேறு இடத்துக்கு மாற்றப்படுவர். ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் முதல் அறை வரை தரையில் பிளாஸ்டிக் விரிப்பு போடப்பட்டு, ஓரங்கள் டேப்பால் ஒட்டப்படும். அறை வாசலில் ஒரு கோடு வரையப்படும். கோட்டுக்கு உள்ளே சென்ற ஆளோ பொருளோ கருவியால் சோதிக்கப்படாமல் வெளியே வரக் கூடாது.

பணியாளர்கள் நீர் புகாத மேலங்கி, தொப்பி, முகக்கவசம், கண் பாதுகாப்பு, காலணி உறை ஆகியவற்றை அணிவர். கையுறைகள் இரண்டு அடுக்காக இருக்கும். உட்கையுறை மேலங்கியின் கைப்பகுதியோடு டேப்பால் ஒட்டப்படும். வெளிக்கையுறை அடிக்கடி மாற்றப்படும். அறுவை அரங்கில் அன்றாடம் பயன்படும் பொருள்களே இவை; பெரும்பாலான மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருப்பவை.

எக்ஸ்ரே அறையில் அணியும் ஈயக் கவசம் இங்கு உதவும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. எக்ஸ்ரேயைத் தடுக்கும் மெல்லிய ஈயம், கோபால்ட்-60 போன்றவற்றின் ஆற்றல் மிக்க காமா கதிர்களைப் போதிய அளவு தடுப்பதில்லை. அதன் எடையால் பணியாளர் களைப்படைவதே மிஞ்சும். இங்கு உண்மையான பாதுகாப்பு நேரத்தைக் குறைப்பதும், தூரத்தைக் கூட்டுவதும், முறைவைத்துப் பணி மாற்றுவதுமே. சிறிய மூலத்திலிருந்து விலகும் தூரம் இரு மடங்கானால் கதிர்வீச்சின் அளவு நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

கர்ப்பிணிச் செவிலியர் இப்பணியிலிருந்து விலக்கப்பட வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் அளவு காட்டும் டோசிமீட்டர் வழங்கப்பட வேண்டும். கதிர்வீச்சுப் பிரிவுகளில் அணியப்படும் டி.எல்.டி. பட்டை பின்னர் ஆய்வகத்தில் படிக்கப்படும் ஒன்று. பணியில் இருக்கும்போதே அளவை அறிய உடனுக்குடன் காட்டும் கருவி வேண்டும். இந்திய விதிமுறைப்படி கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் பெறும் அளவு, ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட்டைத் தாண்டக் கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லி சீவர்ட்டைத் தாண்டக் கூடாது. முறையான முன்னெச்சரிக்கையுடன் மாசு படிந்த நோயாளியைக் கவனிக்கும் செவிலியர் பெறும் அளவு பொதுவாக இந்த வரம்புக்கு மிகக் கீழேயே இருக்கும்.

முதல் ஒரு மணி நேரம்

நோயாளி வந்தவுடன் பின்பற்ற வேண்டிய முதல் விதி: உயிர் காக்கும் சிகிச்சை முதலில், மாசு நீக்கம் பின்னர். மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் ஆகியவற்றைச் சீராக்கும் பணி கதிர்வீச்சு அளவீட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. கதிர்வீச்சினால் சில நிமிடங்களில் எவரும் இறப்பதில்லை. ரத்தப்போக்கினால் இறக்கக்கூடும்.

நிலை சீரானதும் உடைகள் களையப்படும். துணியை இழுத்து உதறாமல், கத்தரியால் வெட்டி, வெளிப்புறம் உள்ளே இருக்குமாறு சுருட்டி, இரட்டைப் பிளாஸ்டிக் பைகளில் இட்டு, பெயரும் நேரமும் எழுதி, தள்ளி வைக்க வேண்டும். அவை பின்னர் சோதிக்கப்பட வேண்டிய சான்றுகள்; குப்பைக்குச் செல்லக் கூடாது. பைகளையும் பணப்பையையும் கருவி கொண்டு சோதிப்பது கட்டாயம் என்பதை மாயாபுரி உணர்த்தியது. சந்தேகத்துக்குரிய உலோகத் துண்டு எதையும் கையால் தொடக் கூடாது. நீண்ட இடுக்கியால் எடுத்து, ஈயக் கலனில் இட்டு, அனைவரும் விலகி நிற்க வேண்டும்.

உடைகளை அலட்சியமாகக் கையாள்வதன் விளைவுக்குச் செர்னோபில் சாட்சி. 1986 ஏப்ரல் 26 அதிகாலை, பிரிபியாத் நகர மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட தீயணைப்பு வீரர்களின் உடைகள் களையப்பட்டு, அக்கட்டடத்தின் அடித்தளத்தில் போடப்பட்டன. பல பத்தாண்டுகள் கடந்தும் அவ்வுடைகளில் கதிரியக்கம் நீடித்தது.

பின்னர் தலை முதல் கால் வரை, முன்னும் பின்னும், கருவியால் மெதுவாக அளந்து உடல் வரைபடம் ஒன்றில் குறிக்க வேண்டும். மூக்கின் இரு துவாரங்களிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுக்க வேண்டும். மாசு சுவாசிக்கப்பட்டதா என்பதை அது காட்டும். கழுவுவதிலும் வரிசை உண்டு. முதலில் காயங்கள், அடுத்து வாய், மூக்கு, கண், காது. கடைசியாக காயமற்ற தோல். வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். அழுத்தித் தேய்த்தால் தோல் சிராய்ந்து மாசு உள்ளே செல்லும். முடியை மழிக்கக் கூடாது. ஒவ்வொரு கழுவலுக்குப் பின்னும் அளந்து, அளவு மேலும் குறையாத நிலையில் நிறுத்திவிட வேண்டும்.

கருவியைத் தெரிந்தெடுப்பதும் ஒரு திறமை. காமா கதிர்களை மட்டும் அளக்கும் சர்வே மீட்டர், யுரேனியத் தூளின் ஆல்ஃபா கதிர்களைக் காட்டாமல் விட்டுவிடும். ஈரமான தோலிலோ ரத்தம் படிந்த காயத்திலோ ஆல்ஃபா கதிர்களை அளப்பது இன்னும் கடினம். கருவி மௌனமாக இருப்பதாலேயே மாசு இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பதைச் செவிலியர் பயிற்சியில் உணர வேண்டும்.

கடிகாரமும் குறிப்பேடும்

நோயாளி எவ்வளவு கதிர்வீச்சைப் பெற்றார் என்பதை முதல் நாளில் சொல்லக்கூடிய எளிய சான்று வாந்தி. நிகழ்வுக்குப் பின் எவ்வளவு நேரத்தில் வாந்தி தொடங்கியது என்பதைக் கொண்டு பாதிப்பின் கடுமை மதிப்பிடப்படுகிறது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கினால் பாதிப்பு பொதுவாகக் குறைவு. ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கினால் கடுமையானது. அரை மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிகக் கடுமையானது. அச்சத்தினாலும் தலைக்காயத்தினாலும் வாந்தி வரக்கூடும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது.

இரண்டாவது சான்று ரத்தத்திலுள்ள லிம்போசைட் அணுக்கள். கதிர்வீச்சினால் முதலில் வீழ்வன இவையே. முதல் இரண்டு நாள்களில் சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து இவ்வணுக்களின் எண்ணிக்கையைக் கணக்கிட வேண்டும். எண்ணிக்கை சரியும் வேகமே பெற்ற அளவைக் காட்டுகிறது. ஒவ்வொரு மாதிரியும் எடுக்கப்பட்ட துல்லியமான நேரம் எழுதப்படாவிட்டால் இச்சோதனையின் பயன் பெருமளவு குறைந்துவிடும். ஒரு நாளுக்குப் பின் எடுக்கப்படும் தனி மாதிரி, குரோமோசோம் மாற்றங்களைக் கணக்கிடும் சிறப்பு ஆய்வகத்துக்கு அனுப்பப்படும்.

வாந்தி தொடங்கிய நேரத்தையும், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தோல் சிவத்தல் ஆகியவற்றையும் மணிக்கணக்கில் பதிவு செய்பவர் செவிலியர். நவீன ஆய்வகம் எதுவும் அருகில் இல்லாத இடத்தில், அவரது குறிப்பேடே நோயாளியின் டோசிமீட்டர் எனலாம்.

ஏமாற்றும் இடைவெளி

கடும் கதிர்வீச்சு நோயின் மிகவும் அபாயகரமான பண்பு, இடையில் வரும் அமைதி. முதல் நாளின் வாந்தி நின்றுவிடும். நோயாளி நலமாக உணர்வார். வீட்டுக்குச் செல்ல விரும்புவார். சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை இந்நிலை நீடிக்கலாம். இதற்குள் எலும்பு மஜ்ஜை புதிய ரத்த அணுக்களை உருவாக்கும் திறனை இழந்துகொண்டிருக்கும். பின்னர் தொற்று, ரத்தக்கசிவு, முடி உதிர்தல் ஆகியவை தொடங்கும்.

இக்காலத்தில் தேவைப்படுவது புற்றுநோய்ப் பிரிவிலும் எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவிலும் பணிபுரியும் செவிலியரின் திறன்: தொற்று அணுகாத தனி அறை, கைத்தூய்மை, வாய்ப் பராமரிப்பு, வெள்ளணுக்களைத் தூண்டும் ஊசி மருந்து, ரத்தக் கூறுகளைச் செலுத்துதல். செர்னோபிலில் கடும் கதிர்வீச்சு நோய் உறுதி செய்யப்பட்டவர்கள் 134 பேர். அவர்களில் 28 பேர் முதல் சில மாதங்களில் உயிரிழந்தனர். மற்றவர்கள் அக்காலகட்டத்தைக் கடந்தனர். தொற்றைத் தடுத்து வாரக்கணக்கில் நீடிக்கும் பராமரிப்பு இந்நோயில் எவ்வளவு முக்கியம் என்பதை இத்துறையினர் வலியுறுத்துகின்றனர்.

அயோடின் மாத்திரை எல்லாவற்றுக்கும் மருந்தா?

இல்லை. பொட்டாசியம் அயோடைடு மாத்திரை தைராய்டு சுரப்பியைக் கதிரியக்க அயோடினிலிருந்து மட்டுமே காக்கும். அணு உலை விபத்தில் அயோடின் வெளியேறும் வாய்ப்பு இருந்தால் மட்டுமே, அதிகாரிகள் அறிவிக்கும்போது அது தரப்படும். பெரியவர்களுக்கு 130 மில்லி கிராம், குழந்தைகளுக்கு வயதுக்கேற்பக் குறைந்த அளவு. யுரேனியத் தூள் பட்டவருக்கோ, கோபால்ட் மூலத்துக்கு அருகில் இருந்தவருக்கோ அம்மாத்திரையால் பயன் இல்லை. சமையல் உப்பை அதிகம் உண்பதாலும் பயன் இல்லை, தீங்கே நேரும்.

உடலுக்குள் சென்ற சீசியத்தை வெளியேற்ற ‘பிரஷ்யன் நீலம்’ என்ற மருந்து பயன்படுகிறது. கொயானியா விபத்தில் இது பெருமளவு கையாளப்பட்டது. புளூட்டோனியம் போன்றவற்றுக்கு டி.டி.பி.ஏ. தரப்படுகிறது. எந்தப் பொருள் என்பது தெரிந்த பின்னரே மருந்து தீர்மானிக்கப்படும். மருந்து தருவதோடு, சிறுநீரையும் மலத்தையும் நேரம் குறித்துச் சேகரித்து ஆய்வுக்கு அனுப்புவதும் செவிலியரின் பொறுப்பு.

அச்சமும் ஒரு நோய்

கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது. மணமோ வலியோ இல்லை. எனவே பாதிக்கப்பட்டவர்களைக் காட்டிலும் பல மடங்கு எண்ணிக்கையில் அச்சமுற்றவர்கள் மருத்துவமனையைச் சூழ்வர். கொயானியாவில் மக்கள் ஒரு விளையாட்டு அரங்கில் திரட்டப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களை வரிசைப்படுத்தி, சோதித்து, ஆறுதல் கூறி அனுப்புவதும் செவிலியரின் பணியே. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளின் பெற்றோருக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் வதந்தி அவ்விடத்தை நிரப்பும்.

அச்சம் உயிரைப் பறிக்கும் என்பதற்கு 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா சான்று. அங்கு கடும் கதிர்வீச்சு நோயால் எவரும் இறக்கவில்லை. ஆனால் அணுமின் நிலையத்துக்கு அருகிலிருந்த ஃபுதாபா மருத்துவமனையிலிருந்து முதிய நோயாளிகள் போதிய மருத்துவ உதவியின்றி அவசரமாக வெளியேற்றப்பட்டபோது, பயணத்திலும் அதைத் தொடர்ந்த நாள்களிலும் சுமார் 50 பேர் உயிரிழந்தனர். வெளியேற்றும் திட்டத்தில் செவிலியரும் மருந்தும் வாகனமும் இடம்பெறாவிட்டால் பாதுகாப்பு நடவடிக்கையே பேரிடராக மாறும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

செவிலியரும் அச்சத்துக்கு விலக்கானவர் அல்லர். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பேரிடர்களைக் காட்டிலும் கதிர்வீச்சு நிகழ்வின்போது பணிக்கு வரும் விருப்பம் மருத்துவப் பணியாளர்களிடையே குறைவாக இருப்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் கண்டறிந்துள்ளன. தன் குடும்பம் பாதுகாப்பாக இருக்கிறதா, தனக்குக் கவசம் கிடைக்குமா, தன்னால் இதைச் செய்ய முடியுமா என்பவையே அவர்களின் கவலைகள். இவற்றில் கடைசிக் கவலையைப் பயிற்சி நேரடியாகப் போக்கும்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009-ஆம் ஆண்டு அணு மற்றும் கதிரியக்க அவசரநிலைகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. மருத்துவத் தயார்நிலையும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் அதில் வலியுறுத்தப்பட்டுள்ளன. தேசிய பேரிடர் மீட்புப் படையில் கதிரியக்க நிகழ்வுகளைக் கையாளும் குழுக்கள் உள்ளன. அணுசக்தித் துறையும் பல இடங்களில் அவசரநிலை உதவி மையங்களை அமைத்துள்ளது. இந்திய நர்சிங் கவுன்சிலின் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் பேரிடர்க்காலச் செவிலியப் பணி இடம்பெற்றுள்ளது.

ஆனால் வகுப்பறையில் படித்த பாடம் மட்டும் போதாது. இத்தகைய நோயாளியை ஒரு செவிலியர் தன் பணிக்காலம் முழுவதும் ஒரு முறைகூடச் சந்திக்காமல் இருக்கலாம். அன்றாடம் பயன்படாத திறமை விரைவில் மறந்துபோகும். எனவே பயிற்சி மூன்று அடுக்குகளில் அமைவது பொருத்தமானது.

முதல் அடுக்கு அனைத்துச் செவிலியருக்கும் உரியது: மாசுக்கும் கதிர்வீச்சுக்கு உள்ளாதலுக்கும் உள்ள வேறுபாடு, சந்தேகம் கொள்ள வேண்டிய அறிகுறிகள், யாருக்குத் தகவல் தர வேண்டும் என்பது. இதற்கு அரை நாள் போதும். இரண்டாவது அடுக்கு அவசர சிகிச்சைப் பிரிவினருக்கு: கவசம் அணிதல், கழற்றுதல், உடை களைதல், கருவியால் அளத்தல், கழுவுதல். இதைக் கையால் செய்து பழக வேண்டும். கவசத்தை அணிவதைக் காட்டிலும் கழற்றுவதில்தான் தவறுகள் அதிகம் நேரும். மூன்றாவது அடுக்கு, எலும்பு மஜ்ஜை பாதிப்புக்கு நீண்டகாலச் சிகிச்சை தரும் பெரிய மருத்துவமனைகளின் செவிலியருக்கு.

ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒத்திகை நடத்துவது நல்லது. பகலில் மட்டுமன்றி, பணியாளர் குறைவாக உள்ள இரவிலும் அது நடைபெற வேண்டும். கண்ணுக்குப் புலப்படாமல் புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் தூளை ஒருவரின் உடையில் தூவி, சிகிச்சைக்குப் பின் விளக்கை அடித்துப் பார்க்கும் எளிய பயிற்சி உண்டு. கையுறை தொட்ட கதவு, பேனா, தொலைபேசி எல்லாம் அப்போது ஒளிரும். செலவு குறைந்த இப்பயிற்சி, பல மணி நேர விரிவுரையைக் காட்டிலும் மனத்தில் பதியும்.

உள்ளேயே இருக்கும் ஆசிரியர்கள்

ஹைதராபாத் போன்ற நகருக்கு ஒரு சாதகம் உண்டு. கதிர்வீச்சு சிகிச்சையும் அணு மருத்துவமும் நடைபெறும் மருத்துவமனைகளில், ஒழுங்குமுறை வாரிய விதிகளின்படி கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் பணியில் இருப்பார். அளவிடும் கருவிகளும் இருக்கும். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் பெறும் நோயாளிகளைத் தனி அறையில் வைத்துக் கவனிக்கும் செவிலியர், மாசு பரவாமல் காப்பதை அன்றாடப் பணியாகச் செய்கின்றனர். எலும்பு மஜ்ஜைப் பிரிவுச் செவிலியரோ, வெள்ளணுக்கள் இல்லாத நோயாளியைத் தொற்றிலிருந்து காப்பதில் தேர்ந்தவர்கள்.

ஆக, தேவையான அறிவின் பெரும்பகுதி மருத்துவமனைக்குள்ளேயே வெவ்வேறு தளங்களில் இருக்கிறது. இவர்களை அவசர சிகிச்சைப் பிரிவோடு இணைத்து, பயிற்றுநர்களாக அமர்த்தினால் புதிய கட்டடமோ பெரும் நிதியோ இன்றியே தயார்நிலையை உயர்த்த முடியும். பாதுகாப்பு அலுவலரின் தொலைபேசி எண்ணும், கருவி வைக்கப்பட்டுள்ள அலமாரியின் சாவி இருக்கும் இடமும் இரவுப் பணிச் செவிலியருக்குத் தெரிந்திருப்பது இதன் முதல் படி.

பிற நாடுகளில் இதற்கான தனி அமைப்புகள் உள்ளன. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 1976 முதல் இயங்கும் கதிர்வீச்சு அவசர உதவி மையம், மருத்துவர்களோடு செவிலியருக்கும் செயல்முறைப் பயிற்சி அளிக்கிறது. ஜப்பானின் ஹிரோசாகி பல்கலைக்கழகத்தில் கதிர்வீச்சுச் செவிலியம் முதுநிலைப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனமும் 1987 முதல் கதிர்வீச்சு அவசரநிலை மருத்துவ வலையமைப்பு ஒன்றை நடத்திவருகிறது. கல்பாக்கம், கூடங்குளம் ஆகிய இரு அணுமின் நிலையங்களைக் கொண்ட தமிழ்நாட்டுக்கும் இவ்வனுபவங்கள் பொருந்தும்.

பொதுமக்கள் அறிய வேண்டியவை

மூன்று இதழ்கள் கொண்ட கதிர்வீச்சு எச்சரிக்கைச் சின்னம் உள்ள உலோகக் கலன் எதையும் தொடவோ, பிரிக்கவோ, எடைக்குப் போடவோ கூடாது. உடனே விலகிச் சென்று காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். மாசு பட்டிருக்கலாம் என்று சந்தேகித்தால் வெளி உடையைக் களைந்து பையில் கட்டி ஒதுக்கிவைத்து, சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு குளிக்க வேண்டும். அதுவரை உண்பதையும் புகைப்பதையும் தவிர்க்க வேண்டும். மருத்துவமனைக்குச் செல்வோர், எந்தப் பொருளைத் தொட்டோம், எப்போது தொட்டோம் என்பதைச் செவிலியரிடம் மறைக்காமல் கூற வேண்டும்.

பழைய இரும்பைப் பிரித்த விவரத்தை ஒருவர் சொல்வதும், அதன் பொருளை உணர்ந்து செவிலியர் மருத்துவரை எச்சரிப்பதும் சில நிமிடங்களில் முடிந்துவிடக் கூடியவை. கொயானியாவில் இரண்டு வாரங்கள் தாமதமானது இந்த ஒரு படியே.